வாய்க்கால் இருக்கிறது

எங்கள் தெருவை நடுவில் பிளந்துவிட்டார்கள் என்று எனக்கு மேரியின் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. மேரி என்று நாங்கள் சொன்னது கடற்கரையில் இருந்த நகராட்சிக் கட்டடத்தை. பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. கொடி மாறிவிட்டது. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி மாறவில்லை, பலகையில் ஒட்டிய காகிதங்களின் மொழியும் மாறவில்லை. என் இரண்டாவது மகளின் பிறப்புச் சீட்டில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்தப் போயிருந்தேன். வரிசை நகரவே இல்லை. சும்மா நிற்பானேன் என்று பலகையைப் படித்தேன்.

தேர்தல் தொகுதிகளுக்குப் புது எல்லை போடப் போவதாக எழுதியிருந்தது. எல்லைகளைப் படிப்பது எனக்குப் பழகிய வேலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் பத்திரம் பதிகிற ஒரு நொத்தேர் ஆபீஸில் பத்திரங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். வீடு விற்கிறவர், வாங்குகிறவர் எல்லாம் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நான் செக்குபந்தியைப் பார்ப்பேன். வடக்கே யார் வீடு, தெற்கே எந்தச் சந்து, கிழக்கே எது, மேற்கே எது. வில்லங்கம் எல்லாம் அந்த நாலு வரியில்தான் ஒளிந்திருக்கும்.

அன்றும் அப்படித்தான். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவின் பெயர் வந்தது. கூடவே 'ஆக்ஸ் த லா ரூ' என்று ஒரு சொல். தெருவின் நடுக்கோடு என்று அர்த்தம். அதாவது வடசாரி வீடுகள் கடைத்தெருவோடு சேர்ந்து ஒரு தொகுதி. தென்சாரி வீடுகள் மில் பக்கத்தோடு சேர்ந்து இன்னொரு தொகுதி. தெருவின் மேற்குக் கோடியில், வாய்க்கால் கரையை ஒட்டி இருந்த பின்சந்து மூன்றாவதாக, கருவடிக்குப்பத்தோடு. நானும் என் எதிர்வீட்டுக்காரியும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே மழையில் நனைந்து, இரண்டு வேறு ஆட்களுக்கு ஓட்டுப் போட வேண்டும்.

அதற்குக் காரணம் இருந்தது, எனக்கு உடனே புரிந்தது. முந்தின தேர்தலில் எங்கள் தெருவும் பின்சந்தும் சேர்ந்து ஒருவரைத் தோற்கடித்திருந்தோம். அவருக்கு வாய்க்காலின் அக்கரையில் மரக்கிடங்கு. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே கவுன்சிலில் உட்கார்ந்தவர். கிடங்கின் கட்டைகளையும் மரத்தூளையும் வாய்க்காலில் கொட்டிக்கொட்டி அதைப் பாதிக்கு மேல் அடைத்துவிட்டார். மழைக்காலத்தில் பின்சந்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு. அவருக்கு எதிராக நின்றவர் பெரிய ஆள் ஒன்றுமில்லை, வாய்க்காலைத் தூர் வாருவேன் என்று சொன்னார், அவ்வளவுதான். அவர் ஜெயித்தார். வாய்க்காலைத் தூர் வாரவும் இல்லை, அது வேறு கதை. ஆனால் மரக்கிடங்குக்காரர் தோற்றது எங்களால்தான் என்று ஊருக்கே தெரியும். மேரியில் அவருடைய ஆட்கள் இன்னும் இருந்தார்கள். இப்போது எங்கள் ஓட்டு மூன்று துண்டாகப் போனால் எந்தத் தொகுதியிலும் யாரும் எங்களைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

பிறப்புச் சீட்டைத் திருத்தாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதலில் சொன்னது எதிர்வீட்டு அக்காவிடம். அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. அவர் மருத்துவச்சி. அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவர். எங்கள் தெருவிலும் பின்சந்திலும் முக்கால்வாசிக் குழந்தைகளை அவர்தான் வெளியே எடுத்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"நடுவுலன்னா எங்க? உன் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவுலயா?"

"ஆமாங்கக்கா. நீங்க ஒரு தொகுதி, நான் ஒரு தொகுதி."

"யாரைக் கேட்டுக் கோடு போட்டானுவ?"

"ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுக்கலாம்னு போட்டிருக்கு. இன்னும் மூணு வாரம் இருக்கு."

"அப்போ எழுது. அதுக்குத்தான உன்னப் படிக்க வெச்சாங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் தெருவில் கூட்டம் போட்டோம். கூட்டத்துக்குத் தலைமை யாரும் கொடுக்காமலே சொல்தா ஐயா எடுத்துக்கொண்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, இந்தோசீனாவில் சண்டை போட்டு, ஓய்வூதியத்தோடு திரும்பியவர். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான். நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை சொல்ல மாட்டார்.

"முதல்ல கணக்கு வேணும்," என்றார். "எத்தனை வீடு, எத்தனை ஓட்டு. வெறுங்கையோட போனா மேரில ஒக்கார வெச்சுத் தண்ணி குடுத்து அனுப்பிடுவான்."

வீடு வீடாகப் போகிற வேலை எனக்கும் அக்காவுக்கும் வந்தது. ஆண்கள் போனால் வீட்டிலிருக்கிற பெண்கள் வெளியே வர மாட்டார்கள். நான் நோட்டில் எழுதுவேன். அக்கா சரிபார்ப்பார். ஒரு வீட்டில் மூணு ஓட்டு என்றார்கள்.

"நாலு," என்றார் அக்கா. "உன் மாமியாள விட்டுட்ட."

"அவங்க எங்க போயி ஓட்டுப் போடப் போறாங்க?"

"போறாங்களோ இல்லியோ, பேரு இருக்கணும். எழுதிக்க தங்கச்சி."

இன்னொரு வீட்டில் மகனுக்கு இருபத்தொன்று முடியவில்லை என்றார்கள். "முடிஞ்சி எட்டு மாசம் ஆவுது. நான்தான புடிச்சேன்," என்று அக்கா தேதியைச் சொன்னார். எந்த வீட்டிலும் அவரிடம் வாதாட முடியவில்லை. நாலு நாளில் தெரு முழுவதும், பின்சந்து முழுவதும் என் நோட்டில் ஏறிவிட்டது.

கணக்கைப் பார்த்ததும் சொல்தா ஐயா யோசித்தார். தொகுதிக்குத் தொகுதி ஜனத்தொகை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்பது அறிவிப்பிலேயே இருந்தது. வடசாரி, தென்சாரி இரண்டையும் மில் பக்கத் தொகுதியில் சேர்க்கச் சொன்னால் அங்கே ஆட்கள் கூடிவிடுவார்கள். பின்சந்தையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

"பின்சந்தை விட்டுருவோம்," என்றார். "அது கருவடிக்குப்பத்தோட போவட்டும். தெரு ஒண்ணா இருந்தா போதும்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். பின்சந்தில் இருந்தவர்கள் மேரியின் துப்புரவு வேலைக்காரர்கள். எங்கள் தெருக்காரர்கள் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்களைப் போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். ஆனால் கோயிலில் அவர்கள் நின்ற இடம் வேறு, நாங்கள் நின்ற இடம் வேறு. அதை அப்போது நான் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. தோற்கடிக்கிறதுக்கு அவர்கள் ஓட்டு வேண்டியிருந்தது, சேர்ந்திருக்கிறதுக்கு வேண்டாம். சொல்தா ஐயா சொல்லச் சொல்ல, தமிழில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று என்று மனுவை நல்ல எழுத்தில் எழுதினேன். மேற்கு எல்லை என்ற இடத்தில் 'தெருவின் கடைசி வீடு' என்று எழுதினேன். நொத்தேர் ஆபீஸில் யாரோ சொன்னதை எழுதுகிற மாதிரியே கை ஓடியது.

ஆனால் கையெழுத்து மட்டும் பின்சந்திலும் வாங்க வேண்டும் என்றார் சொல்தா ஐயா. கையெழுத்து அதிகமாக இருந்தால் மதிப்பு. அதற்கும் நானும் அக்காவும்தான்.

பின்சந்தில் போனதும் பத்து இருபது பேர் கூடினார்கள். அவர்கள் சார்பில் பேசியது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். காலையில் எங்கள் தெருவைக் கூட்டுகிறவர். வாய்க்காலில் தேங்குகிற குப்பையைத் தள்ளிவிடுகிற வேலையும் அவருடையதுதான். அன்றைக்கு நான் அவரை நீ என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது எனக்கு அவர் என்றுதான் வருகிறது, அப்படியே இருக்கட்டும்.

"கைநாட்டு வெக்கிறோம். என்னா எழுதியிருக்குன்னு படிங்க," என்றார்.

படித்தேன். வடக்கே கோயில் சந்து, தெற்கே மில் மதில், கிழக்கே கடைத்தெரு. மேற்கை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். வேண்டுமென்றுதான் தாவினேன். இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

"நிறுத்துங்கம்மா," என்றார் அவர். "மூணு பக்கம் படிச்சீங்க. மேக்கால எதுன்னு படிக்கலியே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது தெரியாது. எழுதும்போது அவர் இல்லை, ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார்.

"தெருவோட கடைசி வீடு," என்று படித்தேன்.

"அப்போ நாங்க எங்கம்மா இருக்கோம்?"

நான் மனுவை மடித்தேன்.

"எங்கள வெளில வெச்சுக் கோடு போட்டுட்டு, அதுக்கு எங்க கைநாட்டே வேணுமா? மரக்கிடங்குக்காரரு போட்ட கோட்டுக்கும் நீங்க போட்ட கோட்டுக்கும் என்னா வித்தியாசம்? அவரு எங்ககிட்ட வந்து கைநாட்டு கேக்கல. அது ஒண்ணுதான்."

சத்தம் போட்டுப் பேசவில்லை. கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மற்றவர்களும் கலைந்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது அக்கா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். என் வாசலுக்கு வந்ததும், "இத நீயா எழுதின?" என்று கேட்டார்.

"அவரு சொன்னாரு, நான் எழுதினேன்."

"கையி உன்னுதுதான?"

அன்று சாயந்திரமே சொல்தா ஐயா வீட்டுக்குப் போனேன். மனுவை அவர் முன்னால் வைத்து, மேற்கு எல்லை வாய்க்கால் என்று மாற்றினால்தான் நான் கொடுப்பேன் என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாய்க்கால் வரைக்கும் போனா எண்ணிக்கை மிஞ்சுது. அதுக்கு என்னா பண்றது? யாரையாவது வெளில விட்டுத்தான் ஆவணும்."

"அப்போ நம்மள விடுவோம்."

அதை யோசித்துச் சொன்னேன் என்று பெருமை பேச மாட்டேன். கோபத்தில் வந்துவிட்டது. ஆனால் சொன்ன பிறகு நோட்டைத் திறந்து பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கடைத்தெருவிலிருந்து குறுக்குச் சந்து வரைக்கும் உள்ள கிழக்குக் கோடி வீடுகளின் ஓட்டும், பின்சந்தின் ஓட்டும் ஏறக்குறைய ஒன்று. அந்தக் கிழக்குக் கோடியில்தான் என் வீடு, எதிரே அக்கா வீடு. என் வரிசையில் நாலு வீடு தள்ளி சொல்தா ஐயா வீடு.

"என்னைய என் தெருவ விட்டே தள்ளுறியா?" என்றார்.

"நீங்க அவங்கள அப்படித்தான ஐயா தள்ளுனீங்க?"

"வேற ஆள் வெச்சு எழுதிக்கிறேன். நீ போ."

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் மில்லில் தறிப் பகுதியில் வேலை. நல்ல மனுஷர். சண்டை பிடிக்காத மனுஷர்.

"ஊரு ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற. நம்ம வீட்டையே வெளில தள்ளி எழுதறியே, நாளைக்கு எவன் நமக்குப் பேசுவான்?"

"நீங்க மில்லுல ஸ்ட்ரைக் பண்ணப்போ ஸ்பின்னிங்காரன விட்டுட்டுத் தறிக்காரன் மட்டும் கூலி கேட்டீங்களா?"

மைக்கூட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "எழுது. நான் கையெழுத்துப் போடறேன்," என்றார். முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது அக்கா. மறுநாள் காலையில் புது மனுவை எடுத்துக்கொண்டு தனியாகப் பின்சந்துக்குப் போனேன். இந்தத் தடவை மேற்கிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் முழுவதும் கேட்டார். "கிழக்கால குறுக்குச் சந்துன்னா, உங்க வீடு வெளில இல்ல வருது?"

"ஆமா."

"ஏன்?"

"எண்ணிக்கை சரியா வரணும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் கட்டைவிரலை மையில் வைத்தார். அவருக்குப் பின்னால் சந்து முழுக்க வரிசையாக வந்தார்கள்.

ஆக மேரிக்கு எங்கள் தெருவிலிருந்து இரண்டு மனு போனது. சொல்தா ஐயாவுடையது ஒன்று, எங்களுடையது ஒன்று. தெருவும் இரண்டாகத்தான் இருந்தது. சில வீடுகளில் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

விசாரணை நாளில் மேரியின் மாடிக் கூடத்துக்கு நடந்தே போனோம். பெண்கள் இருபது முப்பது பேர், மில்லுக்கு விடுப்புப் போட்ட ஆண்கள் சிலர். அக்கா முன்னால். பின்சந்துக்காரர்கள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தார்கள். கூடத்தில் ஏற்கெனவே மரக்கிடங்குக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கறுப்பு அங்கி போட்ட அவர் வக்கீல். விசாரிக்க வந்த அதிகாரி சென்னைப் பக்கத்தவர். புதிதாக வந்தவர். பிரெஞ்சு தெரியாது. யாரோ ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த சுருக்கத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே தெருவிலேருந்து ரெண்டு மனு வந்திருக்கே. எதைப் பார்க்கறது?" என்றார்.

சொல்தா ஐயா எழுந்தார். பதக்கங்கள் எல்லாம் குத்தி வந்திருந்தார். எங்களுக்கு எதிராகத்தான் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

"என் மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றார்.

"ஏன்?"

"இவரோட ஆளு," என்று மரக்கிடங்குக்காரர் பக்கம் கையைக் காட்டினார், "முந்தாநாள் வீட்டுக்கு வந்து, நல்ல மனு எழுதியிருக்கீங்கன்னு கை குடுத்தான். அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது நான் யாருக்கு எழுதினேன்னு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் உட்கார்ந்தது எங்கள் பக்கத்தில்.

வக்கீல் எழுந்து ஒரே ஒரு வாதம் வைத்தார். தொகுதியின் எல்லை கண்ணுக்குத் தெரிகிற நிலையான ஒன்றாக இருக்க வேண்டும், தெரு மாதிரி, ரோடு மாதிரி. இவர்கள் கேட்கிற வாய்க்கால் என்று ஒன்று அங்கே இல்லை. அது எப்போதோ தூர்ந்துவிட்டது. அறிவிப்பிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

அப்படி ஒரு சொல் அதில் இருந்தது உண்மை. பிரெஞ்சில் 'கொம்ப்ளே' என்று எழுதியிருந்தார்கள். நிரப்பப்பட்டது என்று அர்த்தம். நான் எழுந்து அதிகாரியிடம் சொன்னேன்.

"ஐயா, அந்தச் சொல்லுக்குத் தூர்ந்து போச்சுன்னு அர்த்தம் இல்ல. நிரப்பப்பட்டதுன்னு அர்த்தம். தானா தூர்ந்தா ஒருத்தரையும் கேக்க முடியாது. நிரப்பப்பட்டதுன்னா நிரப்புனது யாருன்னு கேக்கலாம்."

வக்கீல் சிரித்தார். "யார் நிரப்பினாலும் இப்ப வாய்க்கால் இல்லை. அதுதானே விஷயம்?"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பின்சந்துப் பெண். கூடத்தின் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே வரச் சொல்லி அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?"

அதிகாரி தலையசைத்தார். அந்தப் பெண் உள்ளே நடந்து வந்தார். நாற்காலிகளைத் தாண்டி, மேஜை வரைக்கும்.

"நான் மேரில வேல செய்றேன். அந்த வாய்க்காலத் தள்ளிவுடறதுதான் என் வேல. தினம் காத்தால மேஸ்திரி வந்து, வாய்க்கால் தள்ளியாச்சான்னு பாத்துட்டு ரிஜிஸ்டர்ல கோடு போடறாரு. இல்லாத வாய்க்காலுக்கு மேரி எதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்குது?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். அதிகாரியின் குமாஸ்தா, பழைய பிரெஞ்சுக் காலத்து ஆள், தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மரக்கிடங்குக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரி அந்த ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். இருந்தது. நாள் தவறாமல் கோடு போட்டிருந்தது.

"நாளைக் காலையில நானே வந்து பார்க்கறேன்," என்றார் அதிகாரி. "கண்ணுக்குத் தெரியணும்னு சட்டம் சொல்லுது. தெரிஞ்சா பார்ப்போம்."

வெளியே வந்ததும் அக்கா சொன்னார். "தெரியணும்னுதான சொன்னான்? தெரிய வெச்சுடுவோம்."

அன்று மத்தியானம் சாப்பிட்டவர்கள் குறைவு. மண்வெட்டி, பாண்டு, கடப்பாரை, எது கிடைத்ததோ எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனோம். கால்வைத்தால் மரத்தூள் முழங்கால் வரைக்கும் உள்வாங்கியது. அழுகின நாற்றம். பின்சந்து ஆட்கள் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் கரையில் கொஞ்சம் தயங்கி நின்றார்கள். அவர்களோடு ஒரே சேற்றில் இறங்குவதா என்ற தயக்கம். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் இருந்தது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தார். "எவ எவ வயித்துலயோ வெச்ச கையி இது, சேறு ஒட்டுனா ஒண்ணும் ஆவாது," என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக இறங்கினோம். முதல் பாண்டை நிரப்பி என் கையில் கொடுத்தது அந்தப் பின்சந்துப் பெண்தான். பொழுது சாயும் வரைக்கும் அவர் கையிலிருந்து என் கைக்கும், என் கையிலிருந்து அக்கா கைக்கும் பாண்டு மாறியது.

எடுத்த கட்டைகளை எல்லாம் அக்கரையில், கிடங்கின் வேலி ஓரமாக அடுக்கினோம். அவருடைய மரம், அவரிடமே இருக்கட்டும். நாலு மணிவாக்கில் கிடங்கு ஆட்கள் ஆறேழு பேர் வந்தார்கள்.

"யாரக் கேட்டுக் கைய வெக்கிறீங்க? ஏறுங்க மேல."

"நீங்க யாரக் கேட்டுக் கொட்டுனீங்க?" என்றார் அக்கா.

அவர்களில் ஒருவன் பாண்டைப் பிடுங்கி எறிந்தான். என் கணவர் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சண்டை பிடிக்காத மனுஷர் என்று சொன்னேன். சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்கி, எறிந்த பாண்டை எடுத்து மறுபடியும் நிரப்பினார். அவனையும் பார்த்தார். அவருக்குப் பின்னால் மில் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். கிடங்கு ஆட்கள் கூப்பிட்டு வந்ததுதான். கரையில் நின்று, யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார்.

"ஐயா, இது என் வேல. மேரி குடுத்த வேல," என்றார் பின்சந்துப் பெண். "இவங்கல்லாம் எனக்கு ஒத்தாசைக்கு வந்தவங்க."

போலீஸ்காரர் சிவப்புத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வாய்க்காலைக் கூட்டுகிறவர் வாய்க்காலைக் கூட்டுவதைத் தடுக்க அவருக்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வெளிச்சம் மங்குவதற்குள் அடைப்பு உடைந்தது. மேலே தேங்கி நின்ற கறுப்புத் தண்ணீர் முதலில் மெதுவாக, பிறகு சத்தத்தோடு இறங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். மரக்கிடங்குக்காரரும் வந்திருந்தார். அதிகாரி ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தாண்டப் பார்த்தார். முடியவில்லை. அகலம் அப்படி. பலகை போட்டுத்தான் போனார். வேலி ஓரத்தில் ஈரம் சொட்ட அடுக்கியிருந்த கட்டைகளைப் பார்த்து, "இது யாருடையது?" என்று கேட்டார்.

கட்டைகளில் எல்லாம் கிடங்கின் முத்திரை இருந்தது.

ஒரு மாதம் கழித்து முடிவான எல்லை அதே பலகையில் ஒட்டப்பட்டது. மேற்கே வாய்க்கால். கிழக்கே குறுக்குச் சந்து. தெருவும் பின்சந்தும் ஒரே தொகுதி. நாங்கள் கேட்டபடியே வந்துவிட்டது. கேட்டபடியே வந்ததால் என் வீடு வெளியே போனது. பலகையில் அதை இரண்டு தடவை படித்தேன். நானே எழுதிய வரிதான். இருந்தாலும் என் கையெழுத்தில் இருந்ததை அரசாங்கத்தின் அச்சில் பார்ப்பது வேறாக இருந்தது.

தேர்தல் நாளில் பின்சந்துப் பெண்ணும் மற்றவர்களும் மேற்கே பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போடப் போனார்கள். நானும் என் கணவரும் அக்காவும் சொல்தா ஐயாவும் கிழக்கே கடைத்தெருப் பக்கம் போனோம். சொல்தா ஐயா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தெருவும் பின்சந்தும் சேர்ந்த தொகுதியில் மரக்கிடங்குக்காரர் நிற்கவே இல்லை. கடைத்தெருத் தொகுதியில் நின்றார். ஜெயித்தும் விட்டார். அதாவது அவர்தான் இனி எனக்குப் பிரதிநிதி.

தெருவில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. எதிர்த்து எதிர்த்து கடைசியில் அவர் மடியிலேயே போய் விழுந்தாள் என்றார்கள். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்து மனசு வெறுத்துப் போனேன். மூன்றாம் நாள் எனக்கு வேறு ஒன்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை அவர் கிடங்குக்குப் போனேன். முன்னறையில் கணக்குப்பிள்ளை இருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"நீங்க அந்தத் தொகுதிதான? இங்க எதுக்கு வந்தீங்க?"

"இல்லிங்க. நான் இந்தத் தொகுதி. அறிவிப்புல பாருங்க."

மரக்கிடங்குக்காரர் உள்ளிருந்து வெளியே வந்தார். முகம் சுண்டியது. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் நாலைந்து பேர் அங்கே காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் என்னை விரட்ட முடியாது.

"உனக்கு என்னாம்மா வேணும்?"

"கிழக்குக் கோடிக்குத் தெருவிளக்கு இல்லிங்க. மனு எழுதிக்கொண்டு வந்திருக்கேன். படிக்கட்டுமா?"

"வெச்சிட்டுப் போ."

"படிச்சிட்டே போறேங்க. நாலு வரிதான்."

படித்தேன். அவர் நின்றுகொண்டே கேட்டார். அடுத்த திங்கட்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும். ஒரு தடவை அவர் இல்லை என்று சொன்னார்கள், மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், உள்ளேதான் இருந்தார். ஒரு தடவை சொல்தா ஐயாவும் கூட வந்தார், பதக்கங்களோடு. அப்படிப் பதினோரு திங்கட்கிழமை. பன்னிரண்டாவது தடவை நான் உள்ளே நுழைந்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அடுத்த வாரம் கம்பம் நடுவாங்கம்மா. எழுதிக் குடுத்துட்டேன். இனிமே வராத."

"கம்பம் நட்டதும் பாக்கறேங்க," என்றேன். "அப்புறம் குழாய் விஷயம் ஒண்ணு இருக்கு."